வன்னிக்குப் பயணம்: ஏஜென்டிடம் கொடுப்பதா, நாமே போவதா?

நமது தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு வன்னியில் சொந்தம் உண்டு. அக்கா வவுனியாவில் இருப்பார், சித்தப்பா கிளிநொச்சியில் இருப்பார், மாமா வீட்டார் முல்லைத்தீவுப் பக்கம் தோட்டம் செய்வார்கள். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களில் அடிபட்டும், 1970களின் பஞ்சத்தில் பசி தாங்காமலும் மலைநாட்டை விட்டுப் போனவர்கள் அவர்கள். காடு வெட்டி, கிணறு தோண்டி, அங்கேயே வேர்விட்டார்கள்.

யுத்த காலத்தில் போக்குவரத்து அறுந்தது. வவுனியாவுக்கு வடக்கே ஏ9 வீதி பல வருடம் மூடிக் கிடந்தது. 2002ல் திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடி, 2009ல் யுத்தம் முடிந்த பிறகு படிப்படியாகத் திறந்தது. இன்று சொந்தங்களைப் பார்க்கப் போகலாம். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு என்று போய்வருகிறோம். வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலுக்கும், மன்னார் மாவட்டத்து மடு மாதா ஓகஸ்ட் 15 திருநாளுக்கும் கூட்டமாகப் போகிறோம்.

பயணம் என்று பேச்செடுத்தால் லயத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "ஏஜென்ட்கிட்ட காசக் கட்டிட்டா அவரு பாத்துக்குவாரு. நமக்கு என்னங்க தெரியும்?" என்று ஒரு கட்சி. "அவனுக்கு ஏன் கொடுக்கணும்? பஸ்ஸு தெரியாதா, ரோட்டு தெரியாதா?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. ஒரு வருடம் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம் இது. ஆகவே கொஞ்சம் நிதானமாக யோசிப்போம்.

ஏஜென்ட் எதை விற்கிறார்?

கடைக்காரர் அரிசி விற்கிறார், நாம் கையில் அள்ளிப் பார்த்து வாங்குகிறோம். பிரயாண ஏஜென்ட் விற்பதைக் கையில் பிடிக்க முடியாது. அவர் மூன்று விஷயங்களை விற்கிறார்.

முதலாவது, அறிவு. எந்தப் பாதை, எங்கே தங்குவது, எந்த நாளில் கூட்டம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, அலைச்சல். வாகனம் பேசுவது, சாப்பாட்டுக்குச் சொல்வது, மடத்தில் இடம் பிடிப்பது ஆகிய வேலைகளை நமக்காக அவர் செய்கிறார். மூன்றாவது, பொறுப்பு. வாகனம் நடுவழியில் நின்றால் மாற்று வாகனம் கொண்டுவருவது அவர் கடமை.

முதல் இரண்டும் நம்மிடமே இருக்கக்கூடும். மூன்றாவதுக்குத்தான் உண்மையில் காசு கொடுக்க வேண்டும். ஆனால் பலர் காசைக் கொடுத்துவிட்டு அந்தப் பொறுப்பை மட்டும் கேட்டு வாங்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நமது முன்னோரின் ஏஜென்ட்

நமக்கு ஏஜென்ட் புதியவர் அல்ல. நமது பாட்டன் பூட்டனைத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்த கங்காணியும் ஒரு வகையில் பிரயாண ஏஜென்ட்தான். பாதை அவருக்குத் தெரியும். தோணிக் கூலி, வழிச் சோறு எல்லாம் அவர் செலவு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடத்திக் கூட்டி வந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்து இறந்தவர்கள் பலர்.

அந்த வழிச் செலவு சும்மா கிடைக்கவில்லை. அது தொழிலாளியின் தலையில் கடனாக எழுதப்பட்டது. தோட்டம் மாறினாலும் கடன் கூடவே வந்தது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

2023ல், நமது மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்தப் பாதையில் மதவாச்சியிலிருந்து மாத்தளை வரையான பகுதியில்தான் இன்று நமது வன்னி பஸ்ஸும் ஓடுகிறது. ஆகவே பாதைக்கு நாம் அந்நியர் அல்ல. அந்தப் பழைய கதையிலிருந்து இன்றைக்கும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: பிறர் கையில் பயணத்தைக் கொடுக்கலாம், ஆனால் கடன்பட்டுக் கொடுக்கக் கூடாது. "இப்ப வாங்க, காசு சம்பளத்துல கழிச்சுக்கலாம்" என்று சொல்லும் டூருக்கு இரண்டு தரம் யோசியுங்கள்.

இங்கிலாந்தில் நடந்தது

டூர் ஏற்பாடு என்னும் தொழிலை உலகம் முழுக்கப் பரப்பியவர் தோமஸ் குக் என்ற ஆங்கிலேயர். மது ஒழிப்பு இயக்கத்தில் உழைத்த அவர், 1841 ஜூலை 5ந் திகதி லெஸ்டர் நகரிலிருந்து லோபரோ நகருக்குச் சுமார் 500 பேரை ரயிலில் கூட்டிப்போனார். போக வர ஒரு ஷில்லிங். ஏழை எளியவர்கள் குறைந்த செலவில் மது ஒழிப்புக் கூட்டத்துக்குப் போய்வரச் செய்த ஏற்பாடு அது. பலர் சேர்ந்தால் செலவு குறையும் என்பதுதான் அதன் சூத்திரம்.

அவர் பெயரில் வளர்ந்த பெரிய கொம்பனி, 178 வருடம் கழித்து, 2019 செப்டம்பர் 23ந் திகதி ஒரே இரவில் மூடப்பட்டது. அந்த நேரம் சுமார் 1 இலட்சத்து 50 ஆயிரம் பிரித்தானியர் அந்தக் கொம்பனி மூலம் வெளிநாடுகளில் இருந்தார்கள். அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது கொம்பனியின் பெரிய பெயர் அல்ல. பயண ஏற்பாட்டாளர் கவிழ்ந்தால் பயணியைக் காப்பாற்ற அந்நாட்டில் ஏற்கனவே எழுதி வைத்திருந்த பாதுகாப்பு ஏற்பாடும், அரசாங்கம் அனுப்பிய விமானங்களும்தான்.

அவ்வளவு பெரிய கொம்பனியே கவிழும் என்றால், நமது டவுனில் வேன் பேசிக் கொடுப்பவரைப் பற்றி என்ன சொல்வது? அவர் நல்ல மனுஷனாகவே இருக்கலாம். ஆனால் நல்ல மனுஷன் என்பது போதாது, எழுத்து வேண்டும்.

பாதை இதுதான்

நாமே போவதென்றால் முதலில் பாதையை மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஏ9 வீதி கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை சுமார் 320 கிலோமீற்றர். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி தாண்டி வவுனியா வரும். அதற்கு அப்பால் ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 75 கிலோமீற்றர். முறிகண்டிப் பிள்ளையாரிடம் வாகனங்கள் நின்று தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டு போவது வழக்கம்.

முல்லைத்தீவுக்குப் போகிறவர்கள் மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாகப் போகலாம். அது சுமார் 50 கிலோமீற்றர். பரந்தனில் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியாகவும் போகலாம். சொந்தக்காரர் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டறிந்து எங்கே இறங்குவது என்று முடிவு செய்யுங்கள். இதைக் கேட்காமல் போனால் பாதி நாள் வீணாகும்.

ரயிலில் போகிறவர்கள் மலைநாட்டுப் பாதையும் வடக்குப் பாதையும் சேரும் பொல்கஹவெலயில் மாறவேண்டும். 1990ல் யுத்தத்தால் நின்ற வடக்கு ரயில், 2013 செப்டம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. ஆனால் ரயிலை நம்பி மூட்டை கட்டுவதற்கு முன்னர் ஸ்டேஷனில் விசாரியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் உடைத்தது. எதுவரை ஓடுகிறது, எத்தனை மணிக்கு ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு புறப்படுவதே புத்தி.

கணக்குப் பார்ப்பது எப்படி?

ஒரு கொப்பித் தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கம் 'ஏஜென்ட்', மறுபக்கம் 'நாமே'. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் பக்கத்தில் அவர் கேட்கும் தொகையை எழுதுங்கள். அத்தோடு அவர் சேர்க்காத செலவையும் எழுதுங்கள். சாப்பாடு உண்டா? தங்குமிடம் உண்டா? மடியில் வைக்கும் பிள்ளைக்கும் காசா?

நமது பக்கத்தில் பஸ் அல்லது ரயில் கட்டணம், இறங்கிய இடத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ, வழிச் சாப்பாடு, தங்கல். கடைசியாக இரண்டு பக்கத்திலும் போகாத பேரைக் கணக்கில் சேருங்கள். நாமே போய் பஸ் மாறி மாறி ஒரு நாள் கூடினால், அது கணவன் மனைவி இருவருக்கும் ஒவ்வொரு பேர் இழப்பு. வேனில் போனால் அந்த நாள் மிச்சமாகலாம். இதை மறந்தால் கணக்குப் பிழைக்கும்.

கூட்டமாகப் போகும்போது இன்னொரு கணக்கு உண்டு. உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறோம்: தலைக்கு 5,000 ரூபாய் வீதம் 40 பேர் கட்டினால் 2 இலட்சம். பஸ் வாடகை, சாப்பாடு, தங்கல் எல்லாம் 1 இலட்சத்து 60 ஆயிரம் என்றால் மீதி 40 ஆயிரம் ஏஜென்டின் கூலி. உழைப்புக்குக் கூலி வாங்குவது பிழையல்ல. ஆனால் தோட்டத்தில் பொறுப்பான நாலு பேர் கமிட்டி போட்டு, நேரடியாகப் பஸ் உரிமையாளரிடம் பேசினால், அந்த 40 ஆயிரத்தில் பெரும்பகுதி குடும்பங்களிடமே தங்கும். அப்படியானால் கமிட்டி வரவுசெலவை எழுதி எல்லோருக்கும் காட்டவேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்ததும் சண்டைதான்.

எதற்கு எது நல்லது?

சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்கு ஏஜென்ட் வேண்டியதில்லை. வன்னியில் இருக்கும் அக்காவும் மாமாவுமே நமக்கு நல்ல ஏஜென்ட். எந்தப் பஸ், எங்கே இறங்குவது, யார் வந்து கூட்டிப்போவது என்று ஒரு போன் போட்டால் போதும்.

சாவுச் செய்தி வந்தால் ஏஜென்டைத் தேட நேரமும் இல்லை. அப்படியான நேரத்துக்குப் பாதை தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருக்கவேண்டும். அதற்காகவே ஒரு தடவையாவது நாமே போய்ப் பழகுவது நல்லது.

ஆனால் வயதானவர்கள், கைப்பிள்ளைக்காரர், நோயாளிகள் பலர் சேர்ந்து போவதென்றால், பஸ் மாறுவது அவர்களுக்குக் கொடுமை. திருவிழா நாளில் தங்க இடம் கிடைப்பதும் கஷ்டம். ஒரே பயணத்தில் வட்டாப்பளை, மடு, யாழ்ப்பாணம் என்று பல இடம் பார்ப்பதும் அப்படித்தான். இவற்றுக்கு அனுபவமுள்ள ஏற்பாட்டாளரிடம் கொடுப்பது காசுக்குத் தகும்.

காசு கொடுக்கும் முன்

1. பிரயாண ஏஜென்ட் என்று கொம்பனி நடத்துகிறவரானால், இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்தவரா என்று கேளுங்கள்.

2. முழுக் காசையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்து, பெயர், திகதி, தொகை, கையொப்பம் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

3. புறப்படும் நேரம், பார்க்கும் இடங்கள், சாப்பாடு, தங்கல் எல்லாவற்றையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பயணம் நின்றுபோனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதும் அதில் இருக்கட்டும்.

4. வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்ஸும் காலாவதியாகவில்லை என்று பாருங்கள். வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு ஏற்ற இன்சூரன்ஸா என்றும் கேளுங்கள்.

5. இரவு முழுக்க ஓடுவதென்றால் எத்தனை சாரதிகள் என்று கேளுங்கள். பகல் முழுக்க வேறு ஹயர் ஓடிய சாரதி இரவில் ஏ9ல் கண் அயர்ந்தால் நாற்பது உயிருக்கும் ஆபத்து.

ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். பஸ் சம்பந்தமான முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் இலக்கம் 1955. கையில் பற்றுச்சீட்டு இருந்தால்தான் முறைப்பாட்டுக்குப் பலம்.

வன்னியில் கவனிக்க வேண்டியவை

வன்னி வெயில் நமது மலை வெயில் போல அல்ல. தண்ணீர் போத்தலும் தொப்பியும் குடையும் கட்டாயம். பிரஷர், சீனி நோய் உள்ளவர்கள் மருந்தைக் கையிலேயே வைத்திருங்கள், மூட்டைக்குள் போடாதீர்கள். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும். அந்த நாட்களில் குளங்கள் நிரம்பி உள்வீதிகள் மூழ்குவதுண்டு.

இன்னொன்று மிக முக்கியம். யுத்த காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்காதீர்கள். சிறுநீர் கழிக்கவும் பற்றைக்குள் போகாதீர்கள். புதிதாய் ஏதும் இரும்புச் சாமான் கிடந்தால் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதை வாகனம் ஏறுமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். வழியில் யாருக்கும் சுகமில்லாமல் போனால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

முடிவாக ஒரு வார்த்தை. தெரிந்த பாதைக்கு நமது அறிவே போதும், காசு மிச்சம். தெரியாத பாதைக்கும் பெரிய கூட்டத்துக்கும் ஏஜென்டிடம் கொடுக்கலாம், ஆனால் பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுக்கவேண்டும். இரண்டில் எதுவானாலும் கடன்படாமல் போங்கள். மிச்சம் பிடித்த காசில் வன்னிச் சொந்தங்களுக்கு நம்ம தோட்டத்துத் தேயிலை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள். அவர்களும் ஒரு காலத்தில் கொழுந்து எடுத்தவர்கள்தானே, அந்த வாசம் அவர்களுக்குத் தெரியும்.