ஸ்ரீராம்பூர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஞாயிறு

1854 ஆகஸ்ட் 15 அன்று ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் ஓடியது. அது நின்று சென்ற ஊர்களில் ஸ்ரீராம்பூரும் ஒன்று. முப்பத்தாறு ஆண்டு ரயில்வே உத்தியோகத்தில் அந்த ஸ்டேஷனை எண்ணற்ற முறை கடந்திருக்கிறேன். ஊருக்குள் கால் வைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான், சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிறன்று, மனைவியுடன் லோக்கலில் போய் இறங்கினேன்.

என்னை இழுத்தது ஓர் இயந்திரம். கேரி, மார்ஷ்மன், வார்ட் ஆகிய மூன்று பாதிரிமார்கள் தங்கள் காகித ஆலைக்காக 1820-இல் இங்கிலாந்திலிருந்து 12 குதிரைத் திறன் நீராவி இயந்திரம் தருவித்தார்கள். ரயில் வருவதற்கு 34 ஆண்டுகள் முன்பு!

என் மனைவி மாயவரம் பக்கத்தவள். தரங்கம்பாடியை ஆண்ட டேனிஷ்காரர்களே 1755-இல் இங்கும் குடியேறினார்கள், 1845-இல் இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள் என்று வழியில் சொன்னேன். "அப்ப இதுவும் நம்ம ஊருதான்" என்றாள்.

டோட்டோ பிடித்துக் கல்லறைத் தோட்டம் சேர்ந்தோம். மூவரும் அங்கேதான் உறங்குகிறார்கள். வில்லியம் கேரி 1793-இல் வங்கம் வந்தவர்; 1834 ஜூன் 9-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. இரண்டாம் மனைவி சார்லட்டின் பக்கத்திலேயே தம்மைப் புதைக்கும்படி எழுதி வைத்தார். அப்படியே செய்தார்கள்.

"அப்ப முதல் சம்சாரம்?" என்றாள் இவள்.

படித்ததைச் சொன்னேன். டோரத்தி இந்தியா வர முதலில் மறுத்தார். அப்போது கர்ப்பிணி. தங்கையும் துணைக்கு வருவதென்று ஆனபிறகே கப்பலேறினார். மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அந்த அடியில் டோரத்தியின் மனம் பேதலித்தது. பிறகு தேறவே இல்லை. கணவர் பக்கத்து அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க, இவரை அறையில் அடைத்துவைக்க வேண்டியிருந்தது. 1807-இல் ஸ்ரீராம்பூரிலேயே காலமானார்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவள் சொன்னாள்: "அவங்களாவது தங்கச்சியைத் துணைக்குக் கேட்டாங்க. எனக்கு அது கேட்கத் தோணலையே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1986-இல் கல்யாணமான இருபதாம் நாள் அவளை ரயில்வே குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து விட்டேன். ஒரு வார்த்தை வங்காளி தெரியாது. மறு ஆண்டு மழைக்காலத்தில், தண்டவாளம் அரித்துப்போன இடத்தில் நான் மூன்று நாள் நின்றபோது, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு வலிப்பு வந்தது. அடுத்த வீட்டு வங்காளி மாசிமாதான் நள்ளிரவில் ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்த நான் முதலில் சொன்னது, "லைன் சரியாயிடுச்சு" என்பது.

திரும்பும் லோக்கலில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டேன். "வர இஷ்டமான்னு உன்னை நான் அன்னைக்குக் கேட்கலையே" என்றேன். "இப்பக் கேட்டீங்களே, போதும்" என்று சொல்லி, பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

அன்பர்கள் ஒரு ஞாயிறு போய் வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், துணைவியாரையும் அழைத்துப் போங்கள்.