நாள் முழுக்கத் தனியாக இருக்கும் நாய்க்கு ஒரு வேலை கொடுங்கள்: தீனிப் பொம்மை வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலை 6.30க்கு அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். அம்மா தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு மாலை வரை வீட்டு கேட்டுக்குப் பின்னால் நாய் மட்டும்தான். தட்டில் வைத்த சோற்றை 2 நிமிடத்தில் தின்று முடித்துவிடும். மிச்ச நேரத்துக்கு அது என்ன செய்யும்? குரைக்கும், செருப்பைக் கடிக்கும், பூச்சட்டியைத் தோண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் முதலில் நம்மிடம் சொல்வார். பிறகு நகராண்மைக் கழகத்தில் புகார் செய்வார். அதற்கும் பிறகு, சில வீடுகளில் நாயைக் கொண்டுபோய் செம்பனைக் காட்டோரம் இறக்கிவிட்டு வருவதும் நடக்கிறது. அப்படிப் போகும் நாய்களில் பல கெட்ட நாய்கள் அல்ல. வேலை இல்லாத நாய்கள்.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், உணவும் தண்ணீரும் கொடுப்பதோடு உரிமையாளரின் கடமை முடிந்துவிடுவதாகச் சொல்லவில்லை. பிராணி தன் இயல்புப்படி நடந்துகொள்ள வழி செய்வதையும் அது கடமையில் சேர்க்கிறது. மோந்து தேடுவதும், கடிப்பதும், நக்குவதும்தான் நாயின் இயல்பு. உணவை உள்ளே வைத்து, நாய் உருட்டியோ நக்கியோ கடித்தோ எடுக்கும்படி செய்த தீனிப் பொம்மை அந்த இயல்புக்குத் தீனி போடுகிறது.

இவற்றில் பெயர் பெற்றது ‘கோங்’. 1970களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரின் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் கல்லைக் கடித்துக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் தன் வோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்க்கும்போது கழற்றிய ஒரு ரப்பர் பாகத்தை நாய் விடாமல் கடித்தது. அதன் வடிவத்திலிருந்து பிறந்ததுதான் அந்தப் பொம்மை. இந்த வகையில் நல்லவை இயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. தலைமுறைகளாகப் பால்மரம் சீவிய நமக்கு ரப்பரின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை: அழுத்தினால் அமுங்கும், விட்டால் எழும்பும், பல்லை உடைக்காது.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. பொம்மை நாயின் கடைவாய்ப் பல்லைத் தாண்டி உள்ளே போகாத அளவு பெரியதாக இருக்க வேண்டும். எது வாங்குவது என்று சந்தேகம் வந்தால் பெரியதையே வாங்குங்கள். அடுத்து, கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியாவிட்டால் அது பல்லுக்குக் கடினம். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: ஓட்டை இரண்டு இருக்க வேண்டும். ஒரே ஓட்டை உள்ள பொம்மையில் நாய் நக்க நக்க உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு நாக்கு மாட்டிக்கொள்ளும். இது விளையாட்டான ஆபத்து அல்ல, நாக்கையே இழந்த நாய்கள் உண்டு. மலிவு விலைக் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பந்துகளை, பலமாகக் கடிக்கும் நாய்க்கு வாங்காதீர்கள். விழுங்கிய துண்டு குடலை அடைத்தால் அறுவை சிகிச்சைதான்.

உள்ளே வைக்க நம் சமையலறையிலேயே பொருள் உண்டு. வேகவைத்த பூசணி, கேரட், எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, உப்பு மசாலா சேராத சோறு, சர்க்கரை இல்லாத கொஞ்சம் தயிர் எல்லாம் ஆகும். கறிக்குழம்பு சோறு வேண்டாம். அதில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. திராட்சை, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவையும் அப்படித்தான். பீனட் பட்டர் வைப்பவர்கள் புட்டியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ‘சைலிட்டோல்’ என்ற இனிப்பு அதில் இருந்தால் கொஞ்சமே போதும், நாயின் இரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும், கல்லீரலும் கெடும்.

இது கூடுதல் தீனி அல்ல. பொம்மைக்குள் போவதை அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் நாய் குண்டாகிவிடும்.

முதல் நாளே கெட்டியாக அடைத்துக் கொடுத்தால் நாய் கொஞ்சம் முயன்றுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். தானே விழும்படி லேசாக வைத்துத் தொடங்குங்கள். பழகிய பிறகு இறுக்கி அடையுங்கள். அதற்கும் பிறகு, இரவே அடைத்து ஐஸ் பெட்டியில் உறைய வைத்துக் காலையில் கொடுங்கள். நம் வெயிலுக்கு அது இதம், தின்று முடிக்கவும் நேரமாகும். முதல் சில தடவை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே கொடுத்து, எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி இடத்தில் கொடுங்கள். நாய் பொம்மையோடு இருக்கும்போது பிள்ளைகள் அதைப் பிடுங்கக் கூடாது. சாதுவான நாயும் அப்போது கடிக்கலாம்.

எறும்புத் தொல்லைக்குப் பழைய வழியே போதும்: அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, பொம்மையை அதன் மேல் வைக்கலாம். ஆனால் நாய் அதை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமே! அதைவிட, மாலை வீடு திரும்பியதும் எடுத்துச் சுடுதண்ணீரில் ஊற வைத்துப் புட்டி கழுவும் பிரஷால் தேய்ப்பது நல்லது. உள்ளே ஒட்டிய சோறு நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் புளித்துவிடும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களும் இதைச் செய்யலாம். உலர் உணவைப் புல்லில் தூவிவிடுங்கள், மூக்கால் தேடித் தின்னட்டும். பழைய துண்டில் வைத்துச் சுருட்டிக் கொடுக்கலாம். முட்டை வரும் அட்டையிலும் வைக்கலாம். துண்டையும் அட்டையையும் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். தேங்காய் மட்டை வேண்டாம், அதன் நார் வயிற்றில் சிக்கும்.

எந்தப் பொம்மையும் மாலை நடைக்கு ஈடாகாது. சங்கிலியில் கட்டியே கிடக்கும் நாய்க்கு முதலில் தேவை அந்த நடைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் இருக்கும்போது ஆசையாகத் தின்னும் நாய், நீங்கள் போன பிறகு பொம்மையைத் தொடவே இல்லை, திரும்பி வந்ததும்தான் ஓடிப்போய்த் தின்கிறது என்றால், அதற்குச் சலிப்பல்ல, பயம். தனிமையைத் தாங்க முடியாத அந்த நாய்க்கு வேறு பொம்மை வாங்கிப் பயனில்லை. கைப்பேசியை ஒரு மூலையில் வைத்து, நீங்கள் கிளம்பிய பிறகு அது என்ன செய்கிறது என்று அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். அந்தக் காணொளியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.