கிட்டாருக்கு ஒரு சுரைக்காய்

காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய தலம் என்று இந்த ஊரைச் சொல்கிறவர்கள் உண்டு. தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கும் ஊர் என்று மட்டும் தெரிந்து, பெட்டி படுக்கையோடு வந்து இறங்குகிற பிள்ளைகளும் உண்டு. பொறியியல் படிக்கிற பிள்ளைகளின் விடுதி எந்த ஊரில் இருந்தாலும், மாடிக்கு ஒரு கிட்டாராவது இருக்கும்.

வாசிக்கிற பையன் உட்காரும் இடம் பெரும்பாலும் கட்டில். மெத்தை அமுங்க, இடுப்பு முழங்காலைவிடக் கீழே போய்விடும். கிட்டார் வலது தொடையில் சாய்ந்திருக்கும். விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று பார்க்கக் கழுத்து வளையும், கூடவே முதுகும் கூன் போடும். ஒரு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பான்.

நைலான் தந்தி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதன் கழுத்துப் பலகை அகலமானது. இடது கை தாராளமாக எட்ட வேண்டுமானால் கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்து நிற்க வேண்டும். அதற்காகக் கிட்டாரை இடது தொடையில் வைத்து, அந்தக் காலைச் சின்ன மணையின்மேல் தூக்கி வைக்கிறார்கள். ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா (1852–1909) காலத்திலிருந்து நிலைத்துவிட்ட பழக்கம் இது. புகைப்படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நெடுநேரம் இருந்தால் இடுப்பெலும்பு ஒரு பக்கம் சரிந்து, கீழ்முதுகு கோணலாகவே சுமை தாங்குகிறது. முதுகுவலிக்காரருக்கு முதலில் வேண்டாதது இந்த மணைதான்.

தாரேகாவுக்கு முன்பே டியோனிசியோ அகுவாடோ (1784–1849) வேறு வழி கண்டார். கிட்டாரைத் தாங்க முக்காலி ஒன்றைச் செய்துகொண்டார். நண்பர் பெர்னாண்டோ சோர் அதை மெச்சினார். ஆனாலும் முக்காலி வழக்கொழிந்தது, மணை நின்றது. என்னைக் கேட்டால், அகுவாடோ சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

நம் வீணையைப் பாருங்கள். தண்டியின் கீழே இருக்கும் சுரைக்காய் இப்போது பெரும்பாலும் காகிதக்கூழில் செய்ததுதான். அது நாதத்துக்குச் செய்வது கொஞ்சம். இடது தொடையில் உட்கார்ந்து தண்டியைத் தூக்கிப் பிடிப்பதே அதன் பெரிய வேலை. தாங்கல் வாத்தியத்தோடு சேர்ந்தே வருகிறது. கிட்டாருக்கு அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

கடையில் இரண்டு வகைத் தாங்கல் கிடைக்கிறது. ஒன்று, தொடைக்கும் கிட்டாருக்கும் நடுவே வைக்கும் கெட்டியான திண்டு. மற்றொன்று, ரப்பர் கிண்ணங்களால் கிட்டாரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் உலோகச் சட்டம். இரண்டிலும் இரு பாதங்களும் தரையில் இருக்கும். சட்டத்தில் உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் பிரெஞ்சு பாலீஷ் போட்ட கிட்டாரில் ரப்பர் தடம் பதியும், வாசித்து முடித்ததும் கழற்றிவிட வேண்டும்.

தாங்கலைவிட நாற்காலி முக்கியம். நம் வீடுகளில் இருக்கும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஆகவே ஆகாது. கைப்பிடி கிட்டாரை இடிக்கும், பின்பக்கம் சரிந்த இருக்கை இடுப்பையும் பின்னால் உருட்டிவிடும். கைப்பிடி இல்லாத மர நாற்காலியின் முன்விளிம்பில், முழங்கால் இடுப்பைவிடச் சற்றே தாழ்ந்திருக்க உட்கார வேண்டும்.

சப்பணமிட்டு வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். சென்னை ஐஐடியில் படித்த ஆர். பிரசன்னா கர்நாடகக் கச்சேரிகளில் அப்படித்தான் வாசிக்கிறார். அவர் கையில் இருப்பது மெல்லிய மின்கிட்டார். கிளாசிக்கல் கிட்டாரின் பருத்த உடலை மடியில் வைத்துக்கொண்டு அது சுலபமில்லை. முயல்கிறவர்கள் மடித்த போர்வையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் கீழ்முதுகு நிமிர்ந்து நிற்கும்.

எப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்துப்போனாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதைத் தாங்கலால் சரிசெய்ய முடியாது.

திண்டு வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். கிட்டார் இல்லாமல் நிமிர்ந்து, தோள் தளர உட்காருங்கள். உடம்பை அசைக்காமல், கிட்டாரை மார்போடு ஒட்டி, அதன் தலை உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி வேறொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். கிட்டாருக்கும் இடது தொடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ, அவ்வளவு உயரத் தாங்கல்தான் உங்களுக்கு வேண்டும். குளிக்கும் துண்டைச் சுருட்டி அந்த இடைவெளியில் வைத்து ஒரு வாரம் வாசித்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாம்.