இருபுறமும் கூரான படகு

1894 மே மாதம் நார்வேயின் வடகோடியில், வார்டோ பக்கம் கடும் புயல். கரை சேர வழியில்லாமல் சிக்கிக்கொண்ட 36 பேரை எஞ்சினே இல்லாத ஒரு பாய்மரப் படகு மீட்டுக் கொண்டுவந்தது. படகின் பெயர் காலின் ஆர்ச்சர். அதை வடிவமைத்தவரின் பெயரும் அதுதான்.

ஆர்ச்சர் 1832-ல் லார்விக் நகரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஆஸ்திரேலியாவுக்குப் போய் சகோதரர்களோடு பண்ணை பார்த்தார். ஊர் திரும்பிய பிறகுதான் படகு வரைய உட்கார்ந்தார். தொழிலைத் தானே படித்துக் கற்றார். துருவ ஆய்வாளர் நான்சனின் ஆர்க்டிக் பயணத்துக்காக 1892-ல் அவர் கட்டிய ஃப்ராம் கப்பலுக்கு உருண்ட அடிவயிறு. பனி இருபுறமும் நெருக்கினால் நொறுங்காமல் மேலே எழும்பிவிடும். தென் துருவத்தை 1911-ல் முதலில் எட்டிய அமுண்ட்சென் அண்டார்டிகாவுக்குப் போனதும் இதே கப்பலில்தான்.

உலகம் ஃப்ராமைக் கொண்டாடுகிறது. ஆனால் ஆர்ச்சரின் பெரிய சாதனை அந்த மீட்புப் படகுதான்.

அதன் அருமை புரிய நம் ஊர்க் காற்றை நினைத்துப் பார்க்கலாம். ஆடியில் கடமலைக்குண்டுக்கு வரும் தென்மேற்குக் காற்று மேற்கு மலைகளில் மோதி இறங்குவது. அப்படியும் தகரக் கூரையை அசைத்துப் பார்க்கிறது, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. தடுக்க மலையே இல்லாத கடலில் அது எழுப்பும் அலை எப்படியிருக்கும்? அந்த அலை பின்னாலிருந்து துரத்தும்போது, தட்டையான பின்புறத்தில் மோதினால் படகைத் திருப்பிக் கவிழ்த்துவிடும். அதனால்தான் ஆர்ச்சர் பின்புறத்தையும் முன்புறம் போலவே கூராக்கினார். அலை இரண்டாகப் பிளந்து ஒதுங்கிப் போகும்.

ஆர்ச்சர் 1921-ல் மறைந்தார். அந்த வடிவத்தைச் சுருக்கி, அமெரிக்கரான வில்லியம் அட்கின் 32 அடி நீளத்தில் ‘எரிக்’ என்ற படகை வரைந்தார். வணிகக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் நண்பர்களும் பம்பாயில் படகு கட்ட நினைத்து இங்கிலாந்துக்கு எழுதியபோது, கேட்ட வரைபடத்துக்குப் பதிலாக எரிக்தான் வந்து சேர்ந்தது. அதையே ஏற்றுக்கொண்டார்கள். கொலாபாவில் இந்தியத் தேக்கில், வாய்ச்சியும் கைத்துளைப்பானும் கொண்டு தச்சர்கள் இழைத்த அந்தப் படகு 1964 டிசம்பரில் ‘சுஹைலி’ என்ற பெயரோடு நீரில் இறங்கியது.

1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ஃபால்மத்திலிருந்து சுஹைலியில் தனியாகக் கிளம்பிய நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22-ல் அங்கேயே திரும்பினார். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் அந்தப் போட்டியில் இறங்கிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. அந்தப் பெருமையில் பம்பாய்த் தச்சர்களுக்குப் பாதிப் பங்கு உண்டு.

சுஹைலியின் அச்சாக, கோவாவின் அக்வேரியஸ் கப்பல்கட்டும் தளம் ‘துரியா’வைக் கட்டியது. 2018-ல் அந்தப் போட்டி மீண்டும் நடந்தபோது துரியாவில் தனியாகப் போனவர் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி. செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, டோமியின் முதுகெலும்பில் பலத்த அடி. எழுந்து நடக்க முடியாமல் உள்ளேயே கிடந்தார். துரியா மூழ்காமல் அவரைத் தாங்கி நின்றது. 24-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பலான ஓசிரிஸ் வந்து மீட்டது. 2022-ல் வேறொரு படகில் அதே போட்டிக்குத் திரும்பிய டோமி, மறு ஆண்டு இரண்டாவதாக வந்து முடித்தார்.