எடை ஏறியும் தேறாத பிள்ளை



ஃபேர்லேண்ட்ஸில் குழந்தைகள் வார்டைச் சந்தித்துவரும் எங்களுக்கு இது பழகிப்போன காட்சி. மெலிந்து வந்த பிள்ளை சத்துணவினால் எடை ஏறி வீடு திரும்பும். சில மாதங்களில் வயிற்றுப்போக்கோடு மறுபடியும் வரும். "நன்றாகத்தானே ஊட்டினேன், ஐயா" என்று தாய் கண் கலங்குவார். அவர் மேல் குற்றமில்லை.

நம் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினால் மட்டும் குடலின் நலம் விளங்கிவிடாது. ஒரு சபையின் பலம் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களின் தொகையில் இல்லை அல்லவா? ஒரு வீட்டில் துக்கமென்றால் யார் யார் சேர்ந்து போகிறார்கள் என்பதிலே அது தெரியும்.

அந்தச் சேர்க்கையைத்தான் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் டாக்கா மருத்துவர்களோடு சேர்ந்து தேடினார்கள். ஆரோக்கியமான வங்கதேசக் குழந்தைகளின் மலத்தை 1 முதல் 60 மாத வயதுவரை சோதித்து, எவை சேர்ந்தே கூடுகின்றன, சேர்ந்தே குறைகின்றன என்று கணக்கிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குமுறை முதலில் நிதிச் சந்தைகளை ஆராயப் பயன்பட்டது! எத்தனையோ வகைகளுக்கு நடுவே, 15 வகைகள் மாதந்தோறும் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது புலப்பட்டது. 2019-ல் வெளியான இந்த ஆய்வில் பெரு நாட்டுக் குழந்தைகளிடமும் நம் வேலூர்க் குழந்தைகளிடமும் அதே கூட்டம் காணப்பட்டது. கடுமையாக மெலிந்த பிள்ளைகளிடம் அது குலைந்திருந்தது. வழக்கமான சிகிச்சை உணவால் எடை ஏறியும் அது முழுவதும் சீராகவில்லை.

சேர்ந்து கூடுவதாலேயே அவை ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒரே உணவை நாடியும் இரண்டு கிருமிகள் கூடலாம்.

ஆனாலும் அந்தக் கூட்டத்தைச் சீராக்கும் உணவு எது என்று தேட வழி பிறந்தது. கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை மாவுகளும் வாழைக்காயும் சேர்ந்த ஓர் உணவைத் தயாரித்தார்கள். எல்லாம் நம் சேலத்துச் சந்தையில் கிடைப்பவையே. டாக்காவில் மிதமாக மெலிந்த குழந்தைகளுக்கு 3 மாதம் கொடுத்துப் பார்த்த முடிவு 2021-ல் வெளியானது. வழக்கமான உணவைவிடக் கலோரி குறைவு. எடை ஏற்றமோ அதிகம். தாய்மார் இதை அளவறியாமல் வீட்டில் மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

எடை ஏறியபின்பும் தவறாமல் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டும்படி தாய்மாரிடம் இப்போது சொல்லி வருகிறோம். பலருக்குப் பஸ் கட்டணமே தடை. உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு அதற்குச் செலவாகிறது.