சேற்றை அளக்கும் அலகுகள்: கோடியக்கரையில் ஒரு பிற்பகல்

வங்காள விரிகுடாவை ஒட்டித் தெற்கு நோக்கி ஏறத்தாழ நேர்க்கோடாக இறங்கிவரும் சோழமண்டலக் கடற்கரை, வேதாரணியத்துக்குத் தெற்கே செங்கோணமாக மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் மூலையில், கிழக்கே விரிகுடாவும் தெற்கே பாக் நீரிணையும் சூழ அமைந்துள்ள கோடியக்கரை, கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாகத் தமிழ் வாசகர் பலருக்கும் நேரில் காணாமலேயே அறிமுகமான ஊர். இங்குள்ள காடும் புல்வெளியும் 1967ஆம் ஆண்டு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. 2002இல், இப்புகலிடத்தோடு மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகள் வரை நீளும் 38,500 எக்டேர் நிலமும் நீரும் சேர்ந்து, ஈரநிலங்களைக் காப்பதற்கென ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் முதலில் சேர்ந்தது இதுவே.

இவ்விடத்தின் உயிர்வளத்துக்கு அடிப்படை, மணல் திட்டொன்றால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் உவர்ச் சதுப்பாகும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலத்தில் ஆற்றுநீரும் மழைநீரும் வந்து சேர்வதால் சதுப்பின் உப்புச்செறிவு குறைந்து நீர்மட்டம் உயர்கிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நீர் ஆவியாகிச் சேற்றுப் பரப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன, எஞ்சிய நீரின் உப்புச்செறிவோ நாளுக்கு நாள் கூடுகிறது. 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகப் படை வேதாரணியத்தை இலக்காகக் கொண்டதற்கும், இன்றும் சதுப்பின் ஓரங்களில் உப்பளப் பாத்திகள் விரிந்து கிடப்பதற்கும் இந்த இயற்கை அமைப்பே காரணம். பாக் நீரிணையில் கடல் ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு மிகச் சிறியது என்பதால், எந்தச் சேறு மூழ்கும், எந்தச் சேறு வெளிப்படும் என்பதை இங்கு மழையும் வெயிலும் காற்றும் பெருமளவு முடிவுசெய்கின்றன. பறவைகளும் அதற்கேற்பவே இடம் மாறுகின்றன. சென்ற வாரம் ஆயிரக்கணக்கில் பறவை நின்ற இடம் இந்த வாரம் வெறிச்சோடிக் கிடப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

பறவை நோக்குதலுக்கு விடியற்காலையே உகந்தது என்பது பொதுவான அறிவுரை. அது பிழையன்று, ஆனால் கோடியக்கரையின் பிற்பகலுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. சதுப்பின் பெரும்பகுதி ஊருக்கும் காட்டுக்கும் மேற்கே கிடப்பதால், கிழக்குக் கரையில் நிற்பவர் பிற்பகலில் சூரியனை எதிர்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது. நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியில் இறகின் நிறங்கள் கரைந்துபோய், பறவைகள் கறுத்த நிழலுருக்களாக மட்டுமே தெரிகின்றன. வழிகாட்டி நூல்கள் விரிக்கும் நிற வேறுபாடுகள் அங்கே உதவுவதில்லை. காலின் நீளம், அலகின் வளைவு, நடையின் வேகம், இரை தேடும் முறை ஆகியவற்றைக் கொண்டே பறவையை இனங்காண வேண்டியுள்ளது. வலசைக் காலத்தில், அதாவது இனப்பெருக்கம் முடித்த பறவைகள் வடக்கிலிருந்து வந்து தங்கும் மாதங்களில், கரையோரப் பறவைகள் பெரும்பாலும் மங்கிய சாம்பலும் பழுப்புமான இறகுக்கோலத்தில்தான் இருக்கின்றன என்பதால், நிறத்தை நம்பாமல் உருவத்தையும் செயலையும் படிக்கும் பழக்கம் நல்ல ஒளியிலும் கைகொடுக்கும்.

இதற்குத் தேவையான கருவி எளியது. பைனாகுலரின் மேல் 8×42 என்று பொறித்திருந்தால், அது பொருளை எட்டு மடங்கு பெரிதாக்கும் என்றும், அதன் முன்புற வில்லை 42 மில்லிமீட்டர் விட்டமுடையது என்றும் பொருள். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கிடைக்கும் ஐந்தே கால் மில்லிமீட்டர், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலமாகும். உச்சிவெயிலில் மனிதக் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுவதால் இந்த அகலம் பயன்படுவதில்லை. கண்மணி விரியும் அந்தி நேரத்தில்தான் அதன் அருமை தெரியும். உருப்பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதால், தொலைவிலுள்ள கூட்டங்களைப் பார்க்க முக்காலியில் பொருத்திய ஒற்றைக்குழல் தொலைநோக்கியையே நாட வேண்டும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும், சூடேறிய சேற்றுக்கு மேல் நெளியும் கானலை அது விலக்கித் தராது. பிற்பகல் மூன்றரை மணிக்குப் பின் வெப்பம் தணியும்போதே உருவங்கள் ஓரளவு நிலைகொள்கின்றன.

நிழலுருக்களைப் படிக்கத் தொடங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது கால்களை. நீர் விளிம்பின் ஈரச் சேற்றில் குட்டைக்கால் உப்புக்கொத்திகளும் கொசு உள்ளான்களும் ஓடித்திரிய, கணுக்காலளவு நீரில் பவளக்காலிகளும் பச்சைக்காலிகளும் நடக்க, அதற்கு அப்பால் நெடுங்கால் உள்ளான்களும் மூக்கன்களும் வயிறு நனையுமளவு இறங்கி நிற்க, யாவற்றுக்கும் பின்னே பூநாரைகள் வரிசை கட்டியிருக்கும். ஆகவே ஓர் இனம் நிற்கும் இடத்தைக் கொண்டே அங்குள்ள நீரின் ஆழத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். நெடுங்கால் உள்ளானின் காலில் பின்னோக்கி மடிவதுபோல் தெரியும் மூட்டு முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் வயிற்றிறகுகளுக்குள் மறைந்திருக்கிறது.

அடுத்தது அலகு. உப்புக்கொத்திகளின் அலகு குட்டையானது, கண்கள் பெரியவை. சில அடி ஓடி, சட்டென நின்று, சேற்றின் மேற்பரப்பில் ஏதேனும் அசைந்தால் கொத்தி, மீண்டும் ஓடுவது அவற்றின் வழக்கம் என்பதால், எவ்வளவு தொலைவிலும் அந்த ஓட்டமும் நிறுத்தமும் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளான் குடும்பத்தினவோ கண்ணைவிட அலகையே நம்புகின்றன. தலையைக் கவிழ்த்தபடி சேற்றை இடைவிடாது குத்திச் செல்லும் அவற்றின் அலகு நுனியில் எலும்பில் நுண்குழிகள் நிறைந்துள்ளன. அக்குழிகளுக்குள் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்பு முனைகள் செறிந்திருப்பதால், புதைந்து கிடக்கும் புழுவையோ சிறு சிப்பியையோ கண்ணால் காணாமலே அவை கண்டுபிடிக்கின்றன. அலகு முழுவதும் சேற்றுக்குள் இருக்கும்போது வாயை அகலத் திறக்க இடமிருக்காது என்பதால், மேலலகின் நுனியை மட்டும் தனியாக மேலே வளைத்து இரையைப் பற்றும் திறனும் இக்குடும்பத்தில் பலவற்றுக்கு உண்டு. கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. கோட்டானின் கீழ்நோக்கி வளைந்த அலகோ பெண் பறவையில் 15 சென்டிமீட்டரையும் எட்டும். ஒரே சேற்றின் வெவ்வேறு ஆழங்களில் வெவ்வேறு இரை கிடப்பதால், பல இனங்கள் தோளோடு தோள் உரசி மேய்ந்தும் அவற்றுக்கிடையே பூசல் அவ்வளவாக எழுவதில்லை.

பூநாரையின் அலகு இந்த வரிசையில் சேராத தனி அமைப்பு. நடுவில் மடிந்து கீழ்நோக்கி வளைந்திருக்கும் அந்த அலகை, பறவை தலைகீழாகக் கவிழ்த்து நீரில் வைக்கிறது. அப்போது மேலலகு கீழாகவும் கீழலகு மேலாகவும் அமைகின்றன. கீழலகின் பள்ளத்துள் தடித்த நாக்கு ஒரு நொடிக்குள் பலமுறை முன்னும் பின்னும் இயங்கி, விசைக்குழாயின் தண்டுபோல நீரை உள்ளிழுத்து வெளியேற்ற, அலகின் உள்விளிம்புகளில் வரிசையாக அமைந்த மெல்லிய தகடுகள் சிற்றுயிர்களையும் விதைகளையும் தடுத்து நிறுத்துகின்றன. உப்புச்செறிவு மிக்க நீரில் மீன்கள் வாழ இயலாதபோதும் பெருகக்கூடிய ஆர்ட்டீமியா என்னும் சிற்றிறால், இந்த வடிகட்டும் உணவு முறைக்கு மிகவும் ஏற்றது. பாசிகளில் தோன்றி இத்தகைய இரை வழியாகப் பறவையின் உடலுக்குள் சேரும் கரோட்டினாய்டு நிறமிகளே இறகின் இளஞ்சிவப்புக்குக் காரணம். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில் பிறந்து, முழு நிறம் பெறச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. ஆகையால் கூட்டத்தில் மங்கலானவை எத்தனை என்று பார்த்தால் இளம்பறவைகளின் பங்கைக் கணிக்கலாம். நிற்கும்போது வெண்மையாகத் தெரியும் கூட்டம் எழும்பிச் சிறகு விரித்ததும், மடிப்புக்குள் மறைந்திருந்த செம்மையும் கருமையும் எதிர்வெயிலிலும் பளிச்சிடும். அந்தக் காட்சிக்காகக் கூட்டத்தை வேண்டுமென்றே விரட்டிப் படமெடுப்போர் இல்லாமலில்லை; தகடுகளால் வடிகட்டித் துளித்துளியாகச் சேர்த்த ஆற்றலை ஒவ்வோர் எழுச்சியிலும் அப்பறவை செலவழிக்கிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பூநாரையே எல்லோர் கண்ணையும் கவர்வது இயல்பு. அரிய பறவையைத் தேடுவோருக்கும் இங்கு ஏமாற்றமில்லை. வடகிழக்கு ரஷ்யக் கரைகளில் மட்டும் இனம்பெருக்கி, இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் முற்காலத்தில் இங்கே பதிவாகியிருக்கிறது. ஆயினும் கோடியக்கரையின் முழுப்பொருளை உணர்த்த வல்லது, யாரும் திரும்பிப் பாராத கொசு உள்ளான்தான். இருபது முதல் முப்பது கிராம் எடையுள்ள இப்பறவை ஆர்க்டிக் வட்டத்துக்கு அண்மையிலுள்ள தூந்திர நிலத்தில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட் முதல் இங்கு வரத் தொடங்குகிறது. அதனோடு வரும் வளைமூக்கு உள்ளானில் முதிர்ந்தவை முந்திக்கொள்ள, அவ்வாண்டுக் குஞ்சுகள் பெற்றோரின் துணையின்றியே பின்னர் வந்து சேர்கின்றன. மார்ச், ஏப்ரல் மாதங்களில் திரும்புமுன் அவை உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. நெடும்பயணத்துக்கான எரிபொருள் அதுவே.

இச்செய்திகள் பலவும் வளையமிடல் வழியாக அறியப்பட்டவை. பிடித்த பறவையின் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையத்தை மாட்டி விடுவித்து, அதே பறவை பின்னர் எங்கே, எப்போது அகப்படுகிறது என்று குறித்துவைப்பது இம்முறை. சாலிம் அலி முன்னின்று வளர்த்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையைத் தன் முதன்மைக் களங்களில் ஒன்றாகக் கொண்டு, 1980களில் இங்கு பெருமளவில் வளையமிட்டது, பறவையியலாளர் எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகள் இப்பணியில் ஈடுபட்டார். பறவைகளைக் காயமின்றிப் பிடிக்கும் நுட்பத்தைப் பரம்பரையாகக் கற்ற, பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தைச் சேர்ந்த வல்லுநர்களைக் கழகம் இதற்குத் துணையாகக் கொண்டது. வேட்டைக்கென வளர்ந்த கைத்திறன் அறிவியலுக்குப் பயன்பட்ட அருமையான நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. ஒரே பறவை ஆண்டுதோறும் இதே சதுப்புக்குத் திரும்பிவருவதை மறுபடி அகப்பட்ட வளையங்கள் உறுதிசெய்தன.

வெயில் சாயும் நேரத்தில் சதுப்புக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே திரும்பினால், ஒளி பார்ப்பவரின் பின்னிருந்து வருவதால் நிறங்கள் மீண்டும் துலங்குகின்றன. சதுப்புக்கும் கடலுக்கும் இடைப்பட்ட புல்வெளிகளில், பகல் வெப்பத்தில் நிழலொதுங்கியிருந்த வெளிமான்கள் மேயத் தொடங்கும் நேரமும் அதுதான். முறுக்கிய கொம்பும் கரும்பழுப்பு முதுகும் ஆணுக்கு உரியவை. பெண்ணும் குட்டிகளும் வெளிர்பழுப்பு, பெண்ணுக்குக் கொம்பில்லை. புதருக்குள் ஒளிவதை விடுத்து, தொலைவிலேயே பகையைக் கண்டு ஓடித் தப்புவதே இம்மானின் தற்காப்பு என்பதால், பார்வையை மறைக்காத திறந்தவெளி அதற்கு இன்றியமையாதது. அந்த வெளியைத்தான் சீமைக்கருவேலம் விழுங்கி வருகிறது. அதன் இனிப்பான நெற்றுகளை மான்களும் பன்றிகளும், ஊரிலிருந்து விலகிக் காட்டுத்தன்மை அடைந்த மட்டக்குதிரைகளும் தின்று சாணத்தோடு விதைகளைப் பரப்புவதால், தம் மேய்ச்சல் நிலம் சுருங்குவதற்கு மான்களும் ஒரு கருவியாகிவிடுகின்றன. புல்வெளியை அடுத்த காடு, பாலை மரங்கள் மிகுந்த வறண்ட பசுமைமாறாக் காடு. இலங்கைக்குச் செல்லும் வழியில் அக்டோபரில் அங்கு தங்கும் ஆறுமணிக்குருவியின் இருசுர விளி அந்தியில் கேட்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரணியத்துக்கு அருகே கரைகடந்த கஜா புயல் இக்காட்டின் மரங்களைப் பெருமளவு சாய்த்தது. பல மான்களும் பறவைகளும் மடிந்தன.

புயலின் சேதம் கண்ணுக்குத் தெரியும். சதுப்பில் நிகழும் மாற்றம் அப்படித் தெரிவதில்லை. நன்னீர் வரத்துக் குறைந்து உப்புச்செறிவு உயர்ந்ததால், 1980களோடு ஒப்பிடும்போது கரையோரப் பறவைகளின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்திருப்பதாகக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. ஆர்ட்டீமியாவுக்கு உவப்பான உவர்நீர் புழுக்களுக்கும் சிப்பிகளுக்கும் உவப்பானதன்று என்பதால், இச்சரிவு எல்லா இனங்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கோடியக்கரைக்குப் போவோர் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களையே தேர்கின்றனர்; ஆனால் முந்தைய ஆண்டு பிறந்த இளம் உள்ளான்களில் ஒரு பகுதி முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுவதால், ஜூன் மாதத்துப் பிற்பகலிலும் சேற்றோரத்தில் சாம்பல் நிற உள்ளான்கள் மேய்வதைக் காணலாம்.