ஃபாதர் கையில டிஜே கன்சோல்: யார் இந்த கில்யெர்மே?

படாளம் தாண்டினா அச்சிறுபாக்கம் மழை மலை மாதா கோயில். அங்க ஃபாதரே ஹெட்போன் மாட்டி டெக்னோ போட்டா?

போர்ச்சுகல்ல அதுதான் நடக்குது. லவுண்டோஸ் பங்குத்தந்தை கில்யெர்மே பெய்ஷோட்டோ, பங்கின் கடனை அடைக்க பார் திறந்தவர் (ஆமா, பார்தான்!). அங்க பாட்டு போடத் தொடங்கி, பிறகு முறையா டிஜே கத்துக்கிட்டார்.

2023 ஆகஸ்ட் 6, லிஸ்பன். உலக இளையோர் தினத்துக்காகத் திறந்தவெளியில் படுத்திருந்த சுமார் 15 லட்சம் பேரை, திருப்பலிக்கு முன் எழுப்பியது அவரோட செட். பீட்டுக்கு நடுவே போப் பிரான்சிஸ் குரல். வீடியோ உலகம் முழுக்க வைரல்.

'இது பக்தியா, பார்ட்டியா?' என்ற கேள்வி விடவில்லை. 2025 நவம்பரில் ஸ்லோவாக்கியாவின் கோசிட்சே பேராலயம் முன் அவர் வாசித்தபோது, போப் 14-ம் லியோவே வீடியோவில் வாழ்த்தினார். 2026 ஜனவரியில் பெய்ரூட் நிகழ்ச்சிக்குத் தடை கேட்டு, பாதிரியார்கள் உட்பட சிலர் நீதிமன்றம் போனாங்க. மனு தள்ளுபடி, இசை ஒலித்தது.